மச்சாளின் யப்பான் கத்தி

மச்சாள்,

உங்கள் கத்தியில் இன்னும் நல்லெண்ணெய் மணக்கிறது. குளிர்காலம் முழுக்க என் குசினி இழுப்பறையில், உங்கள் பழைய துவாய்க்குள் சுற்றிக் கிடந்ததை இன்று காலை வெளியே எடுத்தேன். ஆளிவிதை எண்ணெய் பூசினால் இரும்பு பழுதாகாது என்று அதனோடு வந்த தாளில் எழுதியிருந்தது. "நாங்கள் மனிசருக்கே நல்லெண்ணெய்தான் வைக்கிறது. இவர் என்ன எங்களை விடப் பெரிய ஆளோ?" என்று கேட்டுவிட்டு, தோசைக்கு விடும் போத்தலில் இருந்து இரண்டு சொட்டு விட்டுத் தடவினீர்கள். இத்தனை வருடத்தில் அது ஒரு நாளும் துருப்பிடிக்கவில்லை. யப்பானியருக்கு யாராவது இதை எழுதிப் போட வேண்டும்.

மார்ச் பிறந்துவிட்டது. லண்டனில், நம் கோலியர்ஸ் வுட் பக்கம் வெயில் வரப்போவதாக ஒரு வதந்தி. உங்கள் தம்பி, என் மனிசன், வாசலில் நின்று சேற்றுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "இஞ்சாரும், வாறீரோ, இல்லாட்டி நான் தனியப் போகட்டோ?" என்று குரல் கொடுக்கிறார். ஓம் மச்சாள், உங்கள் தோட்டத்துக்குத்தான். உங்கள் தம்பிதான். நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையிலேயே இருந்துவிட்டேன்.

இந்தக் கத்தி நம்மிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் உங்கள் வற்றாளைக் கொடி, டூட்டிங் கடையில் சர்க்கரைவள்ளி என்று எழுதி விற்கிறார்களே, அது. கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத்துண்டு ஒன்றுக்குப் பெயர் கொடுத்து, அதை நீங்களே மறந்துபோன பிறகு, வாண்டில் ஆற்றோரம் ஒரு துண்டு கிடைத்தது. பாதி எனக்கு, பாதி உங்களுக்கு என்றீர்கள். எந்தப் பாதி எனக்கு என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. முதல் வசந்தத்தில் ஒன்றும் நடாத நிலத்தில், வேலிக்கு அடியில் இருந்து ஒரு கொடி தானாக எட்டிப் பார்த்தது. இலை அச்சுக்குத்தினது போல வற்றாளை இலை.

"பாரும்! கிழங்கைக் கிண்டாமல் விட்டிட்டுப் போயிருக்கினம் வெள்ளையள்," என்றீர்கள்.

"இந்தக் குளிருக்குள்ள வற்றாளை வருமோ, மச்சாள்?"

"ஏன், நாங்கள் வரேல்லையே?"

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? நீங்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றினீர்கள், மாட்டெரு போட்டீர்கள், மூங்கில் தடி நட்டுப் பந்தலும் போட்டீர்கள். ஆடி மாதத்தில் வெள்ளைவெளேரென்று புனல் போலப் பூத்தது. பக்கத்துத் துண்டுக்காரி மார்கரெட், வயதான ஆங்கிலேயப் பெண்மணி, அந்தக் கோடை முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எதையோ சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தார். அவர்களுடைய மரியாதை அப்படிப்பட்டது. வீடு எரிந்தால்கூட, உங்கள் வீட்டில் இன்று கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது என்றுதான் தொடங்குவார்கள். கடைசியில் ஒரு நாள், "உங்கள் கொடி மிகவும் உற்சாகமாக வளர்கிறது," என்றார். நீங்கள் நன்றி சொன்னீர்கள்.

கிழங்கு கிண்டப் போன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. மண்ணுக்குள் இடியப்பம் பிழிந்துவிட்டது போல வெள்ளை வெள்ளையாக வேர். இழுக்க இழுக்க வந்தது, கிழங்கு மட்டும் இல்லை. இனி மரியாதை பார்த்துப் பயனில்லை என்று மார்கரெட் உள்ளே வந்துவிட்டார். இந்த நாட்டுத் தோட்டக்காரர்கள் பெயர் கேட்டாலே நடுங்கும் களை இது என்றும், வேர் முறிந்தால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும் என்றும், இப்போது தண்ணீர்க் குழாயடி வரை போய்விட்டது என்றும் மெதுவாகச் சொன்னார். எருப் போட்டுப் பந்தல் கட்டி அதை வளர்த்த முதல் ஆள் நீங்கள்தான் என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லவும் தேவையில்லை.

நீங்கள் ஒரு இலையைக் கிள்ளி மணந்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இதைச் சுண்டிச் சாப்பிடலாமோ எண்டு கேளும்."

அன்று தொடங்கியது போர். மண்வெட்டியால் வெட்டினோம். ஒன்று பத்தானது. முள்ளுக் கரண்டி போன்ற அந்தப் பெரிய கவரால் கிளறினோம். பத்து நூறானது. அடுத்த வசந்தத்தில் மார்கரெட் நம்மோடு பேசும்போது வானிலையை மட்டும் பேசினார். அப்போதுதான் உங்கள் மகள், உங்கள் பிறந்தநாளுக்கென்று இந்தக் கத்தியை வாங்கி வந்தாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த அலகு, நீளவாட்டில் லேசாகக் குழிந்திருக்கும். ஒரு பக்கம் கூர், மறு பக்கம் வாள் போலப் பல்லு. எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க அலகிலேயே அளவுக்கோடுகள். மரப்பிடி. பெயர் ஹொரி ஹொரி. யப்பான் பாஷையில் கிண்டு கிண்டு என்று அர்த்தம் என்றாள் பிள்ளை. நம் ஆட்கள் பெயர் வைத்திருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

அவள் உறையோடு நீட்டினாள். நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

"கத்தியைக் கையில தாறியே? பெத்த தாயோட சண்டை பிடிக்கப் போறியே?"

"அம்மா, ஜஸ்ட் கார்டனிங் டூல்."

"டூலோ கீலோ. கீழ வை. நான் எடுக்கிறன்."

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் இருவருக்கும் பகை வரும் என்பது உங்கள் அம்மா வீட்டுச் சட்டம். கடவுள் விஷயத்தில்கூட இடைக்கிடை விட்டுக்கொடுப்பீர்கள், இதில் இல்லை. பிள்ளை கண்ணை உருட்டிக்கொண்டு கம்பளத்தில் வைத்தாள். நீங்கள் குனிந்து எடுத்தீர்கள். அன்றிலிருந்து தோட்டத்தில் நமக்குள்ளும் அதே முறைதான். ஒருவர் கிண்டி முடித்ததும் மண்ணில் குத்திவிட வேண்டும், மற்றவர் பிடுங்கிக்கொள்ள வேண்டும். பூமித் தாய்க்கு நாம் ஏதோ சடங்கு செய்கிறோம் என்று மார்கரெட் நினைத்திருந்தார். நாம் மறுக்கவும் இல்லை.

கத்தியைத் தோட்டக் கொட்டிலில் விட்டுவரவும் மாட்டீர்கள், களவு போகுமாம். பஸ்ஸில் கொண்டுபோகவும் பயம், பொலிஸ் பிடிக்குமாம். ஆகவே துவாயில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, மேலே ஒரு கேல் கீரைக்கட்டை வைப்பீர்கள். தோட்டக்காரி என்பதற்குச் சாட்சி. போகும்போதும் கேல், வரும்போதும் கேல். சாட்சி வாடி மஞ்சளானால் டூட்டிங் கடையில் புதுச் சாட்சி வாங்குவீர்கள். நம் தோட்டத்தில் விளைந்த கேலை விட அந்தக் கத்திக்குக் காவல் போன கேல் அதிகம்.

ஆனால் கத்தி வேலை செய்தது. வேருக்குப் பக்கத்தில் நேராக இறக்கி, மெல்ல நெம்பி, மண் இளகியதும் விரலால் வேரைப் பின்தொடர்ந்து போனால், முறியாமல் முழுதாக வரும். அவசரப்பட்டால் முறியும். இந்த வேலைக்கு வாய் தேவையில்லாததால் உங்கள் வாய் வேறு வேலை பார்த்தது. என்னைத் திட்டினீர்கள். "புத்தகம் பிடிக்கிற கை. களைக்கும் உம்மைக் கண்டாச் சிரிப்பு வரும்." அது ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் உங்கள் தம்பி.

அந்தச் சண்டையைப் பற்றி நான் யாருக்கும் விளக்கி வென்றதில்லை. ஊரில் உங்கள் சீதனக் காணிக்கும் அவருடைய காணிக்கும் நடுவே ஒரு வேலி. நீங்கள் இருவரும் லண்டனில் இருக்கும்போது, அங்கே பார்த்துக்கொண்டிருந்த யாரோ வேலியைத் திருப்பி அடைத்தார். அடைத்ததில் அது ஒரு முழம் உங்கள் பக்கம் தள்ளிப் போனது. தம்பி சொல்லித்தான் அடைத்தது என்று நீங்கள். அக்கா என்னைக் கள்ளன் என்கிறாள் என்று அவர். வேலி அடைத்தவர் கனடாவில் சுகமாக இருக்கிறார். உங்கள் இருவரில் ஒருவரும் அந்த மண்ணில் ஒரு மிளகாய்க் கன்று நடப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். என்றாலும் பத்துப் பன்னிரண்டு வருடம் பேசவில்லை. இரண்டு பஸ் தரிப்பு தள்ளித்தான் வீடு. அவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் நீங்கள் செவ்வாய்க்கிழமை. சுவாமிக்கே ஷிப்ட் போட்டுக் கொடுத்தீர்கள்.

"உவனைப் போல ஒரு கல்லு நெஞ்சுக்காரனை நான் கண்டதில்லை," என்று ஒரு வேரை இழுப்பீர்கள். "சின்னனில நான் தோளில தூக்கிக்கொண்டு திரிஞ்சனான். அந்த மூக்குச்சளி இன்னும் என்ர சட்டையில கிடக்கு." இன்னொரு வேர். "இப்பவும் சீனி போடாமல்தானே தேத்தண்ணி குடிக்கிறான்?" திட்டுக்கு நடுவில் இப்படி ஒன்று வரும். நான் ஓம் என்பேன். உடனே மறுபடி கல்லு நெஞ்சுக்குப் போய்விடுவீர்கள்.

உங்கள் இதயத்து வால்வு சரியில்லை என்று டாக்டர் சொன்ன கிழமை மட்டும் நீங்கள் திட்டவில்லை. கிண்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "எனக்கு அவனோட ஒருக்கா இருந்து கதைக்கோணும். காணிக் கதை இல்லை. சும்மா கதை."

அதன் பிறகு எனக்கு அந்த ஒன்றுதான் வேலை. புரட்டாதிக் காற்றில் கொட்டில் கதவு ஒரு பக்கம் கழன்று தொங்கியபோது நான் கவுன்சிலைத் திட்டவில்லை, நன்றி சொன்னேன். உங்கள் தம்பி சூப்பர்மார்க்கெட் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதில் இருந்து உடைந்த பொருளுக்காக ஏங்கிக்கொண்டிருப்பவர். "கதவு விழப் போகுது. மச்சாளின்ர தலையில விழுந்தா உங்கட தலையில பழி," என்றேன். ஞாயிறு காலை ஸ்குரூ டிரைவர் பெட்டியோடு காரில் ஏறி இருந்துவிட்டார்.

நீங்கள் மண்ணில் குந்தியிருந்து கிண்டிக்கொண்டிருந்தீர்கள். அவரைக் கண்டதும் கை ஒருகணம் நின்றது. பிறகு முன்னை விட வேகமாகக் கிண்டியது. அவர் என்னிடம், "எங்க கதவு?" என்றார். அதைத் தவிர அந்த இடத்தில் வேறு கதவு இல்லை. கதவடியில் அரைமணி நேரம் எதையோ தட்டினார். கதவைச் சட்டத்தோடு மாட்டும் பிணைச்சல் இரண்டும் துருப்பிடித்துப் போயிருந்தது, புதுசு இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது. என்றாலும் தட்டினார். நீங்கள் தண்ணீர் குடிக்க எழும்பிப் போனீர்கள், கத்தியை மண்ணில் குத்திவிட்டு. திரும்பி வரும்போது உங்கள் இடத்தில் அவர் குந்தியிருந்தார்.

நீங்கள் பாதியில் விட்ட வேரில் அவர் கை, மச்சாள். அவர் அந்த வேரை முறியாமல் எடுத்தார். ஒரு முழ வேர், முழுதாக. அதை வாளிக்குள் போட்டார். நீங்கள் பின்னால் நின்று பார்த்தீர்கள். பிறகு அவர் எழும்பி, திரும்பி, கத்தியை உங்களிடம் நீட்டினார். கூர் தன் பக்கம், பிடி உங்கள் பக்கம். களஞ்சியத்தில் பாதுகாப்பு வகுப்பு எடுத்து அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அதை விட மரியாதையாக ஒரு மனிதன் கத்தியை நீட்ட முடியாது.

உங்கள் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போனது.

"கீழ வை," என்றீர்கள்.

அத்தனை வருடத்துக்குப் பிறகு உங்கள் வாயில் இருந்து அவருக்கு வந்த முதல் சொல் அது. இனி ஒரு சண்டை வரக்கூடாது என்பதற்காகவே சொன்ன சொல். அவர் முகம் எப்படி மாறியது என்று நீங்கள் பார்த்தீர்களோ தெரியாது. கத்தியை மண்ணில் குத்தினார், பிடிவரைக்கும். கையைக் காற்சட்டையில் துடைத்தார். என்னைப் பார்த்து, "பிணைச்சல் புதுசு வேணும்," என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

"நான் என்ன சொன்னனான்?" என்று என்னைக் கேட்டீர்கள். கை இன்னும் பின்னால்தான் இருந்தது. "கீழ வை எண்டுதானே சொன்னனான். சண்டை வரக்கூடாது எண்டுதானே சொன்னனான்."

வீட்டுக்கு வந்து நான் அவரைப் பிடித்தேன். "உங்கட அம்மா வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியாதே?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். "தெரியும். அம்மா அருவாளையும் கீழ வைச்சுத்தான் தாறவ. அந்த நேரம் அது ஞாபகத்துக்கு வரேல்லை. அக்கா என்ர கையால வாங்கமாட்டா எண்டதுதான் எனக்கு விளங்கினது."

"அப்ப வாற ஞாயிறு வாங்கோ."

"வாறன். பிணைச்சல் வரட்டும்."

இணையத்தில் பிணைச்சலுக்கு ஓர்டர் கொடுத்திருந்தார். ஞாயிறு வந்தது, பிணைச்சல் வரவில்லை. வெறுங்கையோடு போய் என்ன செய்கிறது என்று கேட்டார். அக்காவோடு கதைக்கலாம் என்றேன். "கதவைப் பொருத்திக்கொண்டு கதைக்கலாம். சும்மா நிண்டுகொண்டு என்னெண்டு கதைக்கிறது?" உங்கள் குடும்பத்து ஆண்களுக்குக் கையில் ஒரு ஸ்குரூ டிரைவராவது இல்லாமல் பாசம் வராது. நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன். அடுத்த ஞாயிறு நிச்சயம் என்று நினைத்தேன். ஒரு கிழமைதானே என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை நடுவில் ஒரு காலை உங்கள் மகள் போன் எடுத்து, "மாமி," என்றாள், அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. நித்திரையிலேயே போய்விட்டீர்கள். நாங்கள் அவசரமாக வெளிக்கிட்டபோது வாசற்படியில் ஒரு சின்னப் பெட்டி கிடந்தது. பிணைச்சல். அவர் அதைப் பார்த்தார், தாண்டிக் காலை வைத்தார், காரைத் திறந்தார்.

பிறந்த வீட்டுச் சேலை போடுவது அவருடைய பொறுப்பு. டூட்டிங் கடையில் சேலைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, "அக்காவுக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று என்னைக் கேட்டார். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறம் என்றேன். "எப்ப தொடக்கம்?" என்றார். நான் கத்தரிப்பூச் சேலை ஒன்றை எடுத்து விரித்தேன். இங்கே தகனத்துக்கு நேரம் அளந்துதான் தருவார்கள். அடுத்த குடும்பம் வெளியே காத்து நிற்கும்போது, அவர் உங்கள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நகரவில்லை. சிப்பந்தி மிகவும் மரியாதையாக இருமினார்.

அடுத்த ஞாயிறு போய்க் கதவைப் பொருத்தினார். சத்தமில்லாமல் திறந்து மூடுகிறது, மச்சாள். நீங்கள் பார்த்தால் குறை சொல்வதற்கு வேறு ஏதாவது தேட வேண்டியிருக்கும். தோட்டத்துண்டைக் கவுன்சிலில் என் பெயருக்கு மாற்றித் தந்தார்கள். குளிர் வரும்வரைக்கும் ஞாயிறு தவறாமல் வந்து குந்தியிருந்து கிண்டினார். களை இன்னும் இருக்கிறது. அவருக்கு நல்ல கை. கிண்டிக்கொண்டே மெல்லக் கேட்பார்: "அக்கா இதில இருந்து என்ன கதைக்கிறவ?"

நான் சொல்கிறேன். ஒரேயடியாகச் சொல்வதில்லை, முடிந்துவிடும் என்ற பயம். கல்லு நெஞ்சு என்று சொன்னதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் சிரித்தார். மூக்குச்சளியைச் சொன்னேன், அது பொய்யாம், அவருக்குச் சின்னனில் சளியே பிடிக்காதாம். சீனி போடாத தேத்தண்ணியைச் சொன்னபோது எழும்பிப் போய்க் கொட்டிலுக்குள் எதையோ தேடினார். ஒரு திட்டையும் நான் குறைக்கவில்லை, திருத்தவும் இல்லை. உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருக்க வேண்டிய சும்மா கதையை இப்போது நான் ஒருத்தி இரண்டு பக்கமும் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பிணைச்சல் வராத அந்த ஞாயிறு.

நீங்கள் எனக்கு முன்னமே வந்துவிட்டிருந்தீர்கள், கோயிலுக்குப் போடும் நல்ல கார்டிகனோடு. களை பிடுங்கப் போகிறவள் போடும் உடுப்பா அது? அவர் குந்துவதற்கு ஒரு வாளியைக் கவிழ்த்துத் துடைத்து வைத்திருந்தீர்கள். ஒரு டப்பாவில் பயற்றம் பணியாரம். "நேற்றுச் சுட்டது, மிஞ்சிப்போச்சு," என்றீர்கள். பயறு வறுத்து, மாவாக்கி, பாகு காய்ச்சிச் செய்கிற பணியாரம் எந்த வீட்டில் மிஞ்சும்? வாசல் கேற்றைப் பார்த்தபடியே கிண்டினீர்கள். அன்று உங்கள் கையில் எல்லா வேரும் முறிந்தது. ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் நிமிர்ந்தீர்கள். பின்னேரம் டப்பாவை அப்படியே மார்கரெட்டிடம் கொடுத்துவிட்டு, "நான் அவனுக்கெண்டு சுடேல்லை," என்று நான் கேட்காமலே சொன்னீர்கள். பிறகு பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு: "வாற ஞாயிறு உழுந்து வடை கொண்டு வருவம். அதெண்டா அவன் வேண்டாம் எண்டு சொல்லமாட்டான்."

இதை நான் அவருக்கு என்னவென்று சொல்ல?

"அந்த ஞாயிறு அக்கா நான் வருவன் எண்டு பாத்தவவோ?" என்று அவர் கேட்டிருக்கிறார். ஒரு தரம் இல்லை, பல தரம்.

"மழை பெய்தது. நாங்கள் கெதியா வீட்டுக்கு வந்திட்டம்," என்கிறேன் நான்.

அன்று நல்ல வெயில். அவரும் இதே ஊரில்தான் இருந்தார், முன்வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். கிண்டுவதை நிறுத்தாமல், "ஓம், அண்டைக்கு மழைதான்," என்கிறார்.